ஜோடி டயலில் ஒரு மஞ்சள் புள்ளி

போன வாரம் நான் நம் வாட்ச் பட்டறைக்கு வந்திருந்தபோது, உங்கள் மூன்று பேரில் கடைசியாகச் சேர்ந்த பெண், ஜோடி வாட்ச்சுகளின் விவரம் எழுதுகிற ஜோடி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். "மேடம், அடையாளம்னு இருக்குற இடத்துல 'இல்லை'ன்னு இருக்கு. எழுத மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். நான் மறக்கிற ஆள் இல்லை. கண் மங்கி, கை நடுங்க ஆரம்பித்ததால் வேலையை விட்டேனே தவிர, அந்த நோட்டில் நான் எழுதிய வரிகள் எல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அன்று அவளுக்குப் பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது தப்பு என்று பட்டது. அதனால்தான் எழுதுகிறேன். போனை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து படியுங்கள். பிரஷ் பிடிப்பதைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது. அதை உங்கள் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

நம்மிடம் வாட்ச் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஜோடியாகத்தான் கேட்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே படம், அக்கா தங்கைக்கு ஒரே படம். முத்துச்சிப்பி ஓட்டை வட்டமாகச் சீவி, அதன் மேல் ஒன்றுபோல் இரண்டு படம் வரைந்து கொடுக்கிறோம். பட்டறையை ஆரம்பித்த அண்ணாச்சி முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் சொன்னார். ஜோடி டயல் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்றில் ஒரு சின்ன வித்தியாசம் வைக்க வேண்டும், அது வாங்குகிறவர் கண்ணில் படக் கூடாது, நோட்டில் மட்டும் எழுதி வைக்க வேண்டும். பிறகு ரிப்பேருக்கு வரும்போது எது யாருடையது என்று நமக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. ஒரு இலை கூடுதலாக, ஒரு அலை குறைவாக என்று நானும் வைத்துக்கொண்டே வந்தேன். ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தேன். பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு தோணி வரைந்தேன். வாங்க வந்தவர் கப்பலில் வேலை பார்த்தவர். லென்ஸ்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டயலைப் பார்த்தார், சிரித்தார். "யம்மா, கொடி கிழக்க பறக்கு, பாயி மேக்க உப்பியிருக்கு. ஒரு தோணிக்கு ரெண்டு காத்தா அடிக்கும்?" என்று கேட்டார். எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு பழைய துறைமுகத்துக்குப் போய் மணிக்கணக்காக நின்று தோணிகளைப் பார்த்து வரைந்து பழகினேன். தோணி வரைய இவளை விட்டால் ஆள் இல்லை என்று பேர் வாங்கினேன். பேர் வாங்கினேனே தவிர, கடல்காரர்கள் ஒரு படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இது அந்தக் கதைதான்.

ஒரு நாள் கீழவைப்பார் என்கிற கடலோர ஊரிலிருந்து சவேரியம்மாள் என்றொருவர் வந்தார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் சூசை, இளையவன் மிக்கேல். இரண்டு பேருமே மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் ஒரே தோணியில் வேலை. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. மருமக்கள் இருவரும் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். மகன்களுக்கு ஆளுக்கொரு வாட்ச் வேண்டும், பொழுது மசங்குகிற நேரத்தில் தோணி கரைக்குத் திரும்புகிற மாதிரிப் படம் வேண்டும் என்று கேட்டார். பின்மூடியில் பேர் வெட்டித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும், பாத்துக்க. சின்ன வயசுல ஒரு ரொட்டியப் பிட்டாக்கூட எது பெருசுன்னு அளந்து பாப்பானுவ. இவனுக்கு ஒண்ணு கூட, அவனுக்கு ஒண்ணு கொறைய இருக்கப்பிடாது."

சரி என்றேன். சிப்பி ஓட்டின் மினுமினுப்பே மாலை வானமாகத் தெரிகிற மாதிரி இரண்டு டயலையும் முடித்தேன். என் வாழ்நாளில் வரைந்ததில் அவை நல்ல டயல்கள். மறுநாள் மகன்கள் தோணி ஏறுகிறார்கள் என்று சவேரியம்மாள் மதியமே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அடையாளம் வைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. யோசிக்க நேரமில்லை. கையில் மஞ்சள் இருந்தது. ஒரு டயலில், தோணியின் பின்பக்கத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி வைத்தேன். விளக்கு மாதிரி இருக்கட்டும் என்றுதான். நோட்டில் எழுதினேன்: சூசை, பின்பக்கம் விளக்கு. மிக்கேல், விளக்கு இல்லை. இரண்டு பெட்டியிலும் பேர் எழுதிய சீட்டை வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு பயணம் நல்லபடியாகப் போய்விட்டு வந்தார்கள். மூன்றாவது பயணத்தில் அந்தத் தோணி மூழ்கிவிட்டது.

ஒன்பது பேரில் ஏழு பேரை வேறொரு தோணி காப்பாற்றிக் கொண்டுவந்தது. சூசையும் மிக்கேலும் மட்டும் இல்லை. தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். அவர் ஒரு விஷயம் சொன்னார். தூரத்தில் ஒரு படகு, தண்ணீரில் கிடந்த ஒருவனைத் தூக்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அது அண்ணனா தம்பியா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. எந்தப் படகு என்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நம் கரைப் படகுக்காரர்கள் ஒரு உடலைக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் இரண்டு பேரில் ஒருவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். யார் எது என்பதுதான் கேள்வி. கடலில் மூன்று நாள் கிடந்த முகத்தைப் பார்த்துப் பெற்றவளாலேயே சொல்ல முடியவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினால் நாளாகும் என்றார்கள். அந்த வீட்டில் யாருக்கும் அத்தனை நாள் பொறுக்கிற தெம்பு இல்லை. அந்த உடலின் கையில் வாட்ச் இருந்தது. எது யாருடையது என்று வரைந்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஜோடி நோட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கீழவைப்பார் சனமே நின்றது. நடுவில் ஒரு சிமெண்டு பெஞ்சில் இரண்டு மருமக்களும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் ஜெயராணி, இளையவள் அமலி. நான் நடந்து போகும்போது இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே பயம், ஒரே ஆசை. என் வாயிலிருந்து ஒரு பேர் வர வேண்டும், அது தன் வீட்டுக்காரர் பேராக இருக்கக் கூடாது.

உள்ளே இன்ஸ்பெக்டர் வாட்ச் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தார். நான் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தேன். கண்ணாடிக்குள் கொஞ்சம் ஈரம் கோத்திருந்தது. படம் அப்படியே இருந்தது. தோணியின் பின்பக்கத்தில் மஞ்சள் புள்ளி.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்கிற ஒரு துள்ளல்தான். இத்தனை வருஷம் வைத்த அடையாளத்துக்கு இன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது என்று நினைத்தேன். நோட்டைத் திறந்து காட்டினேன்.

"இது சூசைதான் சார்" என்றேன்.

அவர் நிதானமான மனிதர். நோட்டைப் படித்துவிட்டு, "அம்மா, இது சூசையோட வாட்ச்சுன்னு சொல்றீங்க, சரி. அண்ணன் தம்பி மாத்திக் கட்டியிருக்க வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார்.

நன்றாகக் கவனியுங்கள். அந்த மனிதர் எனக்கு வாசலைத் திறந்து வைத்தார். எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெளியே இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள், ஊரே நிற்கிறது, எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். தெரியாது என்று சொல்வதற்கா என்னைக் கூப்பிட்டார்கள் என்று தோன்றியது.

"ஒண்ணுபோல இருக்குற ரெண்டு வாட்ச்ச எதுக்கு சார் மாத்திக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். சவேரியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். வெளியே ஜெயராணியின் அலறல் கேட்டது. அவள் பக்கத்தில் இருந்த அமலி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலமே அடக்கம். நானும் போயிருந்தேன். கோயில் மணி அடித்தது, சாமியார் ஜெபம் சொன்னார், ஜெயராணி தாலியைக் கழற்றினாள், சிலுவையில் சூசை என்று எழுதி நட்டார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் சவேரியம்மாளுக்கு இலங்கையிலிருந்து போன் வந்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்த ஒரு படகு அவனைத் தூக்கியிருக்கிறது, மீன்பாடு முடிந்து கரை திரும்பத் தாமதமாகியிருக்கிறது. "யம்மா, நான் சூசை பேசுதேன்" என்றானாம். அந்தத் தாய் போனைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். சூசை உயிரோடு இருக்கிறான் என்று ஜெயராணி ஓடிவந்த அதே நிமிஷத்தில், நட்டு வைத்திருக்கிற சிலுவையின் கீழ் கிடப்பது யார் என்று அமலிக்குத் தெரிந்தது.

எனக்குச் செய்தி சொன்னவர் அண்ணாச்சிதான். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரம் நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. எட்டாம் நாள் கறுப்புப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு கீழவைப்பாருக்கு பஸ் ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பேரை நான்தான் மாற்ற வேண்டும் என்று பட்டது.

கல்லறைத் தோட்டத்தில், முந்தின நாள்தான் இலங்கையிலிருந்து ஊர் வந்து சேர்ந்த சூசை இருந்தான். வெயிலில் தோல் உரிந்து, ஒரு கையில் கட்டோடு இருந்தான். பையிலிருந்து நான் பெயிண்டை எடுப்பதைப் பார்த்தான். வந்து சிலுவையை ஆடாமல் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்திருக்க, அவன் பேரையே நான் சுரண்டி எடுத்தேன். அவனுடைய மணிக்கட்டில் மற்ற வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. தோணியில் விளக்கு இல்லாத வாட்ச்.

மிக்கேல் என்று எழுதி முடித்த பிறகு, எப்போது மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"குடுத்த மறுநாளேக்கா. தோணில ஏறி உக்காந்து தம்பி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தான். அவனுக்குப் பருந்துக் கண்ணு. 'அண்ணே, உன் தோணில விளக்கு எரியுது, என் தோணி இருட்டுல வருது பாரு'ன்னான். பொழுது மசங்குன பெறவு பின்னால விளக்கு இல்லாம யாரு தோணி விடுவா? எனக்கும் பாக்க ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சின்னப்பய கேக்கான். 'இந்தாலே, நீ வச்சுக்க'ன்னு கழத்திக் குடுத்துட்டேன்."

நான் வைத்தது ஒரு புள்ளி. அவர்கள் பார்த்தது விளக்கு. இருவரையும் பிரித்துச் சொல்லத்தான் அதை வைத்தேன். அது இல்லாவிட்டால் அவர்கள் மாற்றியே இருக்க மாட்டார்கள். ஒன்றுபோல இருப்பதை எதற்கு மாற்றுவார்கள் என்று நான் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேனே, அந்தக் கேள்விக்குப் பதில் நான் என் கையாலேயே வைத்த அந்தப் புள்ளிதான். பிரஷ்ஷைத் துடைக்கக்கூட மறந்து அந்த மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

சூசை என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனான். அமலி வாசல் பக்கத்து அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஜெயராணி அடுப்படியில் இருந்தாள், வெளியே வரவில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த சவேரியம்மாள், "ஏளா அமலி, வந்தவளுக்குத் தண்ணி குடுத்தியா?" என்று கேட்டார். அந்த மரியாதை எனக்கு அடி விழுந்ததைவிட வலித்தது.

அமலி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உங்களச் சொல்லி என்னக்கா ஆவப்போவுது. நான் ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்கு ஜெயராணி அக்கா தாலியக் கழத்துதாக. நான் அவுகளப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், அழவுந்தான் செய்யுதேன். ஆனா மனசு உள்ள என்ன சொல்லுது தெரியுமா? 'மாதாவே, நன்றி, என் வீட்டுக்காரரக் காப்பாத்திட்டே'ன்னு சொல்லுது. அவரு பெட்டிக்கு முன்னாலயே நின்னுக்கிட்டு சொல்லியிருக்கேன்க்கா. எல்லாரும் ஒரு பிடி மண்ணு போட்டாவ. நான் ஜெயராணி அக்காவத் தாங்கிப் பிடிச்சிருந்தேன், போடல. அவருக்குன்னு ஒரு சொட்டுக் கண்ணீரு நான் அங்கன விடல."

அவள் அழாமல்தான் சொன்னாள். நான்தான் அழுதேன். அவளுடைய புருஷனின் உயிரை நான் எடுக்கவில்லை. ஆனால் அவனை வழியனுப்புகிற அந்த ஒரு நாளை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அந்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்ததற்கும் நான்தான் காரணம்.

கிளம்பும்போது அவள் எழுந்து உள்ளே போய், போலீஸ் திருப்பித் தந்த வாட்ச்சைக் கொண்டுவந்தாள். லென்ஸ் இல்லாமல் அந்த மஞ்சள் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். இன்னொண்ணு பெரியவுக கையில இருட்டுல ஓடுது. அவுக கை சரியானதும் திரும்பக் கடலுக்குத்தான் போவாவ, வேற என்ன தெரியும்? அதுலயும் ஒரு விளக்கு போட்டுக் குடுத்துருங்கக்கா. ஜெயராணி அக்கா பாவம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. ஜெயராணி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் படியிறங்கித் திரும்பிப் பார்த்தபோது அவள் வெளியே வந்து அமலியின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அடுத்த மாதம் சூசை வாட்ச்சைக் கொண்டுவந்து தந்தான். ஒரு புள்ளி வைக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. முதல் புள்ளி ஒரு நொடியில் வைத்தது. இந்தத் தடவை அமலியிடம் மற்ற வாட்ச்சையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, அதே இடத்தில், அதே அளவில், அதே மஞ்சளில் வைத்தேன். அண்ணாச்சி பின்னால் வந்து நின்று பார்த்தார். வேறு எங்காவது ஒரு வித்தியாசம் வைக்கச் சொல்வாரோ என்று நினைத்தேன். அவர் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடையாளம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். சவேரியம்மாள் முதல் நாளே கேட்டதும் அதுதான்.

இனி நீங்கள் மூன்று பேரும் ஜோடி டயல் போடுவீர்கள். சட்டப்படி அடையாளம் வையுங்கள், நோட்டில் எழுதுங்கள். என்றைக்காவது யாராவது ஒரு வாட்ச்சைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைப்பார்கள். வாட்ச்சைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள், கட்டியிருந்த கையைப் பற்றிக் கேட்டால் வாயை அடக்குங்கள். கீழவைப்பாரிலிருந்து வருகிற அந்த இரண்டு வாட்ச்சையும் என் முன்னால் வைத்து, இதில் எது சூசையுடையது, எது மிக்கேலுடையது என்று யாராவது கேட்டால், இப்போது என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.